சலாவை விற்றவன் எழுதுவது: ஃபேண்டசி பிரீமியர் லீக், ஓர் அனுபவ விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஆட்டத்தை நான் விடப்போவதில்லை. ஐந்து சீசன் முழுசாக ஆடி முடித்துவிட்டேன், ஆறாவது ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் குரூப்பில் ஒரு தடவைகூட முதல் மூன்று இடத்துக்குள் வந்ததில்லை, 2024-25இல் பதினோரு பேரில் பதினோராவது. தோற்றவன் வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று நினைத்தே படியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒன்று, ஜெயிப்பவனுக்கு விதிமுறை தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை, தோற்றவனைத்தான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மளமளவென்று ஒப்பிப்பான்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்தின் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கில் 20 அணிகள், ஆகஸ்டிலிருந்து மே வரை ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டம். அந்த 20 அணி ஆட்டக்காரர்களையும் ஒரே கடையில் அடுக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு விலை போட்டு, உங்கள் கையில் 100 மில்லியன் பவுண்டு பொய்க்காசு கொடுத்து, போய் 15 பேரை வாங்கிக்கொண்டு வா என்கிறார்கள். இரண்டு கோல்கீப்பர், ஐந்து டிஃபெண்டர், ஐந்து மிட்ஃபீல்டர், மூன்று ஃபார்வர்ட். ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. வாரா வாரம் அதில் 11 பேரை இறக்க வேண்டும், அவர்கள் நிஜ மைதானத்தில் என்ன செய்கிறார்களோ அது உங்கள் கணக்கில் புள்ளியாக ஏறும். லீக் நடத்துபவர்களே நடத்தும் ஆட்டம் இது, 2002-03இலிருந்து இருக்கிறது, காசு கிடையாது, உலகம் முழுக்க ஒரு கோடிப் பேருக்கும் மேல் ஆடுகிறார்கள். தமிழில் கிடையாது. ஆனால் ஆங்கிலம் பெரிதாகத் தேவைப்படாது, பெயர், விலை, புள்ளி அவ்வளவுதான், ஒன்பதாவது படிக்கும் என் அக்கா பையன் யாரும் சொல்லித் தராமலே அரைமணி நேரத்தில் அணி கட்டிவிட்டான், முதல் வாரமே என்னை முந்தினான்.

எங்கள் குரூப் சத்துவாச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆரம்பித்தது. கடை பாயுடையது. வேலூரில் கால்பந்து பேச ஆள் பிடிப்பது கஷ்டம், காட்பாடிப் பக்கம் போனால் வெளியூரிலிருந்து வந்து படிக்கும் பசங்க ஜெர்சி போட்டுக்கொண்டு திரிவார்கள், இந்தப் பக்கம் எல்லாம் கிரிக்கெட்தான். ஆகவே சேர்ந்த பதினோரு பேரும் பதினோரு தினுசு. இரண்டு பேர் ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் வேலை, ஒருத்தர் ஸ்கூல் பி.டி. சார், ஒருத்தர் மருந்துக் கடை, என் மச்சான், அக்கா பையன், அப்படி. பாய் கால்பந்தே பார்க்க மாட்டார். பத்து பேர் என்றால் எண்ணிக்கை நன்றாக இல்லை, ஃபுட்பால் டீம் மாதிரி பதினொன்றாக இருக்கட்டும் என்று அவரையும் இழுத்துப் போட்டோம். பந்தயப் பணம் கிடையாது. சீசன் முடிவில் கடைசி இடம் வருகிறவர் ஆற்காடு போய் எல்லாருக்கும் மக்கன் பேடா வாங்கி வர வேண்டும், அதுதான் தண்டனை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மக்கன் பேடா என்பது குலாப் ஜாமூன் மாதிரி தெரியும், ஆனால் வெட்டினால் உள்ளே முந்திரியும் பாதாமும் இருக்கும். குலாப் ஜாமூன் என்று ஆற்காட்டுக்காரர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்.

சரி, அணி கட்டுவதற்கு வருவோம். இந்த ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் பாய் கடையில் பிரிண்ட் தப்பான ஏ-ஃபோர் தாள் ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் பதினைந்து கோடு போட்டு உட்கார்ந்தேன். மான்செஸ்டர் சிட்டியின் ஹாலண்ட் 15 மில்லியன், லிவர்பூலின் சலா 12.5, செல்சியின் பால்மர் 10.5, ஆர்சனலின் சாக்கா 10. எழுதும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, நாலு பேரும் நெருப்பு. கூட்டிப் பார்த்தால் 48. மீதி 52இல் பதினோரு பேரை வாங்க வேண்டும், ஆளுக்கு 4.7 மில்லியன் சொச்சம். கடையிலேயே மலிவான கோல்கீப்பரும் டிஃபெண்டரும் 4, மலிவான மிட்ஃபீல்டரும் ஃபார்வர்டும் 4.5. அதாவது நாலு ராஜா, பதினோரு ஏழை. கல்யாணத்தில் மண்டபத்துக்கும் மேளத்துக்கும் வீடியோவுக்கும் கொட்டிக் கொடுத்துவிட்டு பந்தியில் மூன்றாவது வரிசைக்கு ரசம் தீர்ந்துபோன குடும்பம் மாதிரி ஆகிவிட்டது என் அணி. என் பெஞ்ச்சைப் பற்றி, அதாவது 11 பேர் போக வெளியே உட்காரும் நாலு பேரைப் பற்றி, கேட்கவே வேண்டாம். எங்கள் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981 வரைக்கும் பல தலைமுறையாக சாமியே கிடையாது, கோபுரம் இருக்கும், கல்யாண மண்டபத்தில் சிற்பம் இருக்கும், கருவறை காலி. என் பெஞ்ச்சும் அதே கதை, நாலு பேர் பெயர் இருக்கும், சனிக்கிழமை வந்தால் ஒருத்தரும் மைதானத்தில் இருக்க மாட்டார்.

அந்த சீசன் எப்படிப் போனது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். சாக்காவுக்கு டிசம்பரில் தொடைத் தசை போய் ஏப்ரல் வரை ஆளே இல்லை. நான் திரும்பியும் பார்க்காத இரண்டு பேர், நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டின் கிறிஸ் வுட் 6 மில்லியன், பிரென்ட்ஃபோர்டின் எம்பூமோ 7 மில்லியன், ஆளுக்கு இருபது கோல் போட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து 13 மில்லியன், 40 கோல். ஹாலண்ட் தனியாக 15 மில்லியன், 22 கோல். இது எனக்கு உறைக்க மூன்று நாலு வருஷம் ஆனது: கனவு அணி என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, பிடித்த பதினைந்து பேரை எழுதுவது கனவு, அது யார் வேண்டுமானாலும் எழுதலாம், இங்கே வேலையே யாரை விட்டுவிட்டு வருவது என்பதில்தான். மாதம் முதல் தேதி மளிகைச் சீட்டு எழுதுகிறவர்கள் இதில் என்னைவிட நன்றாக ஆடுவார்கள். மருந்துக் கடைக்காரர் எங்கள் குரூப்பில் இரண்டு தடவை ஜெயித்திருக்கிறார், அவர் கடையில் ஒரு மாத்திரை அட்டைகூட வேண்டாத சரக்காக இருக்காது.

2015-16இல் லெஸ்டர் சாம்பியன் ஆன வருஷத்துக் கதையை பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள், அந்த அணியின் மாரெஸ் 5.5 மில்லியனுக்குக் கிடைத்தாராம், 17 கோல் போட்டு 240 புள்ளி எடுத்தார். நான் அப்போது இந்தப் பக்கமே வரவில்லை. வந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

புள்ளி எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கால்பந்து பார்க்கும் விதத்தையே இது கோணலாக்கிவிடும். அறுபது நிமிடம் ஆடினால் 2, அதற்குக் கீழே 1. கோல் போட்டால் ஃபார்வர்டுக்கு 4, மிட்ஃபீல்டருக்கு 5, டிஃபெண்டருக்கு 6, அதிசயமாக கோல்கீப்பர் போட்டுவிட்டால் 10. கோல் போட உதவினால், அதற்கு அசிஸ்ட் என்று பெயர், 3. எதிரணி கோல் போடவில்லை என்றால் கோல்கீப்பருக்கும் டிஃபெண்டருக்கும் 4, மிட்ஃபீல்டருக்கு ஒரே ஒரு புள்ளி. மஞ்சள் அட்டைக்கு ஒன்று போகும், சிவப்புக்கு மூன்று. ஆட்டத்தின் சிறந்த மூன்று பேருக்கு 3, 2, 1 என்று போனஸ், அதை ஒரு தனிக் கணக்கு வைத்துப் போடுகிறார்கள், அது ஏன் அப்படி வந்தது என்று எங்கள் பி.டி. சாருக்கும் விளங்கவில்லை. இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. உங்கள் டிஃபெண்டரை 61ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள், அப்போது அணி கோல் வாங்கவில்லை, பிறகு ஐந்து கோல் வாங்கினாலும் உங்கள் 4 புள்ளி பத்திரம். அதே ஆள் 59ஆவது நிமிடத்தில் நொண்டிக்கொண்டு வெளியே வந்தால் மொத்தமே 1. ஆகவே 57ஆவது நிமிடத்தில் ஒருத்தர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ஐயோ பாவம் என்று நினைப்பதற்கு முன்னால், எழுந்திருப்பா, இன்னும் மூணு நிமிஷம்தான் என்று வாய் தானாக முணுமுணுக்கும். என் மனைவி ஒரு தடவை இதைக் கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இந்த 2025-26 சீசனில் புதிதாக ஒன்று சேர்த்தார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். டிஃபெண்டர் பந்தை வெட்டி விரட்டுவது, தடுப்பது, குறுக்கே புகுந்து எடுப்பது, காலில் இருந்து பறிப்பது எல்லாம் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் பத்து வந்தால் 2 புள்ளி. மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் பன்னிரண்டு வேண்டும், அவர்களுக்கு சும்மா கிடக்கும் பந்தை மீட்பதும் கணக்கில் சேரும். இதுவரை கோல் போடுபவன்தான் ராஜா என்று இருந்த இடத்தில், மூன்று கோல் வாங்கித் தோற்கும் சின்ன அணியின் சென்டர் பேக்குக்கும் ஒரு கூலி கிடைக்கிறது. போன மாதம் ஒரு ராத்திரி என் ஆள் ஒருத்தர் ஒன்பதில் நிற்கிறார், 88ஆவது நிமிடம். எதிரணிக்கு கார்னர். நான் அந்த அணிக்கு ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை, அவர்கள் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பந்து மேலே வருகிறது, தலையால் முட்டித் தள்ளினார். பத்து. படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து கைதட்டினேன். ஸ்கோர் அப்போது 0-2, அந்த மனிதர் தோற்றுக்கொண்டிருந்தார், அவருக்காக சாமத்தில் வேலூரில் ஒருத்தன் கைதட்டுவது அவருக்குத் தெரியாது. இந்த மாதிரி ஓர் அபத்தமான சந்தோஷம் வேறு எந்த ஆட்டத்தில் கிடைக்கும்?

ஆனால் இந்தக் கணக்குக்குக் கண் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது வாங்கிய ரோட்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு ஆட்டத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பவர், அவர் இல்லாவிட்டால் மான்செஸ்டர் சிட்டி என்ன ஆகும் என்பதை அவர் முழங்கால் காயத்துக்குப் பிறகு எல்லாரும் பார்த்தோம். ஃபேண்டசியில் அவர் பெரும்பாலான வாரம் இரண்டு புள்ளி ஆசாமி, எங்கள் குரூப்பில் யாரும் அவரை வாங்கியதில்லை. நல்ல மிட்ஃபீல்டரை ரசிக்கும் கண்ணை இந்த ஆட்டம் மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். ஒரு வருஷம் ஆடியபிறகு மேட்ச் பார்த்தால் பந்தைப் பார்க்க மாட்டீர்கள், பெயரைத்தான் பார்ப்பீர்கள்.

கேப்டன் விஷயம் தனி. பதினோரு பேரில் ஒருவரைக் கேப்டன் ஆக்கினால் அவர் புள்ளி இரட்டிப்பு. வாரத்தின் பாதித் தலைவிதி அந்த ஒரு பட்டனில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 27, லிவர்பூல் சொந்த மைதானத்தில் போர்ன்மவுத்தோடு. நான் மட்டுமா, ஆடுகிறவர்களில் பாதிப் பேர் சலாவைத்தான் கேப்டன் ஆக்கியிருப்பார்கள், யோசிக்கவே வேண்டாத வாரம். நம் நேரம் ஏழரைக்கு ஆட்டம் தொடங்கியது. கோல், கோல், கோல் என்று போன் துள்ளுகிறது, இடைவேளைக்கு 5-0. டியாஸ் இரண்டு, ஃபிர்மினோ இரண்டு, எலியட், அலெக்சாண்டர்-ஆர்னால்ட், வான் டைக், கார்வாலோ, எதிரணிக்காரர் ஒருத்தர் தன் வலையிலேயே ஒன்று. 9-0. ஒன்பது கோலில் ஒன்றுகூட சலா போடவில்லை, ஒன்றுக்குக்கூட உதவியதாகவும் கணக்கில் இல்லை. ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட, எங்கள் இலையில் மட்டும் உப்பு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் மேல் குறை சொல்லி என்ன பயன், அவர் அணி ஜெயித்துவிட்டது, ஆட்டம் அதற்குத்தானே. நானாக அவர் மேல் கொண்டுபோய் வைத்த பாரம் அது. அதே சலா 2024-25இல் 29 கோல், 18 அசிஸ்ட், 344 புள்ளி, இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே ஒரு சீசனில் யாரும் எடுக்காத புள்ளி. அந்த 344இன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நேரப் பிரச்சினை நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ளது. வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடத்துக்கு முன்னால் கதவு சாத்திவிடுவார்கள், அதற்குப் பிறகு மாற்ற முடியாது. சனிக்கிழமை முதல் ஆட்டம் அங்கே பகல் பன்னிரண்டரை என்றால், அவர்கள் கோடைக் கணக்கில் நமக்குச் சாயங்காலம் ஐந்து, கெடு மூன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு அது நாலரை ஆகிவிடும். குளிர்காலம் முழுக்க நாலரை என்று பழகிக்கொண்டு, சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து டீ குடித்துவிட்டு நிதானமாக மாற்றலாம் என்று இருப்போம். மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி மூன்றரைக்கு வந்துவிடும், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ஒரு வருஷம் நான் நாலு மணிக்கு டீ டம்ளரோடு திறக்கிறேன், சாத்தியாகிவிட்டது. முந்தின வார அணி அப்படியே போய் நிற்கிறது, அடிபட்ட மூன்று பேரோடு. தப்பு முழுக்க என்னுடையதுதான், கெடு நேரம் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் என்றால் கெடு நமக்குப் பதினொன்று, பனிக்காலத்தில் நள்ளிரவு. வாரத்தின் நடுவில் வரும் ஆட்டங்கள் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் தொடங்கும், அதை உட்கார்ந்து பார்க்காதீர்கள், காலையில் எழுந்து புள்ளி பாருங்கள். உடம்பு முக்கியம்.

ஆள் மாற்றுவது வாரத்துக்கு ஒன்று இலவசம். உபயோகிக்காவிட்டால் சேர்த்து வைக்கலாம், முன்பு இரண்டு வரைக்கும், 2024-25இலிருந்து ஐந்து வரைக்கும். இலவசம் தீர்ந்த பிறகு மாற்றினால் ஒவ்வோர் ஆளுக்கும் 4 புள்ளி வெட்டு. என் வியாதியே அந்த நாலு புள்ளிதான். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தர் இரண்டு கோல் போட்டால் செவ்வாய்க்கிழமை அவர் என் அணியில் இருப்பார், அவரை வாங்கிய வாரத்திலிருந்து அவருக்குக் கால் வராது. விலையும் ஏறி இறங்கும், நாம் தூங்கும்போது. நிறையப் பேர் வாங்கினால் ஏறும், விற்றால் இறங்கும். 6 மில்லியனுக்கு வாங்கியவர் 6.4 ஆகிவிட்டால் விற்கும்போது கையில் வருவது 6.2 மட்டும், ஏற்றத்தில் பாதியை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இறங்கினால் நஷ்டம் முழுசும் நமக்கு. எந்த ஊர் நியாயம் இது என்று நானும் கேட்டுப் பார்த்தேன், அடகுக் கடையில் வேலை பார்த்த என் மச்சானுக்கு மட்டும் இது ரொம்ப இயல்பாகப் பட்டது.

அப்புறம் சிப்ஸ் என்று நாலு உண்டு, தின்பது இல்லை. வைல்ட்கார்டு போட்டால் மொத்த அணியையும் மாற்றலாம், ஃப்ரீ ஹிட் ஒரு வாரத்துக்கு மட்டும் வேறு அணி, பெஞ்ச் பூஸ்ட் என்றால் வெளியே உட்கார்ந்தவர்கள் புள்ளியும் சேரும், டிரிபிள் கேப்டன் மூன்று மடங்கு. இந்த சீசனில் ஒவ்வொன்றும் இரண்டு, முதல் செட்டை 19ஆவது வாரக் கெடுவுக்குள் முடித்துவிட வேண்டும். முன்னெல்லாம் பத்திரப்படுத்தி வைத்து வைத்து மே மாதம் வீணாக்குவேன், இப்போது இரண்டு தவணையில் வீணாக்குகிறேன்.

பெரிய குறை என்று நான் சொல்வது ஒன்றுதான். எல்லாருடைய அணியும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. யாரை எத்தனை சதவீதம் பேர் வைத்திருக்கிறார்கள் என்று பெயருக்குப் பக்கத்திலேயே காட்டுகிறார்கள், யூடியூபில் ஆளுக்கு ஆள் அதைப் பார்த்து அணி கட்டிச் சொல்கிறார்கள், அதைக் கேட்டு ஒரு கோடிப் பேர் அதே பத்துப் பேரை வாங்குகிறார்கள். பிறகு ஐந்தாறு பேரில்தான் வித்தியாசம். எங்கள் குரூப்பில் நாங்கள் ஒரு கட்டுப்பாடு வைத்தோம், வீடியோ பார்த்து அணி கட்டினால் சொல்லிவிட வேண்டும் என்று. யாரும் சொல்வதில்லை. உலக அளவில் உங்கள் இடம் எத்தனையாவது லட்சம் என்று ஓர் எண் காட்டும், அதை மறைக்க ஏதாவது வழி இருந்தால் மறைத்துவிடுங்கள், நாற்பது லட்சத்து சொச்சத்திலிருந்து முப்பத்தெட்டு லட்சத்துக்கு முன்னேறிவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? சொந்தமாக ஒரு குட்டி லீக் உண்டாக்கி, அதன் குறியீட்டை முகம் தெரிந்த பத்துப் பேருக்கு அனுப்பி ஆடுங்கள். தினமும் டீக்கடையில் பார்க்கும் ஆளிடம் மூன்று புள்ளியில் தோற்பது போல் வலிப்பது உலகத்தில் இல்லை, அது இல்லாமல் இந்த ஆட்டத்தில் சுவையும் இல்லை.

இன்னொன்று, நான் ஆர்சனல் பக்கம். கொரியாக்காரர் சன் எங்கள் பரம எதிரி டாட்டன்ஹாமில் இருந்தவரை அவரை வாங்குவதா வேண்டாமா என்று ஒவ்வோர் ஆகஸ்டிலும் மனசுக்குள் ஒரு பஞ்சாயத்து. ஒரு வருஷம் வாங்கினேன். அவர் கோல் போட்டபோது பாதி முகம் சிரித்தது. பங்காளி வீட்டு விசேஷத்தில் மொய் எழுதும்போது நம் முகம் எப்படி இருக்கும், அது. அப்புறம் விற்றுவிட்டேன்.

காசு கட்டி ஆடும் ஆப்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஃபேண்டசி ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. இது அந்த வகை இல்லை, கட்டவும் ஒன்றுமில்லை எடுக்கவும் ஒன்றுமில்லை. என் அக்காவும் முதலில் பயந்தாள், பையன் சூதாடுகிறானோ என்று. பதினைந்து பேர் விலையைக் காகிதத்தில் தசமத்தோடு அவன் கூட்டிக் கழிப்பதைப் பார்த்தபிறகு, ஆடிக்கோ, ஆனா பரீட்சை வாரம் தொடாதே என்றாள். நான்தான் அவனுக்குப் பரீட்சை வாரத்தில் ஆள் மாற்றித் தருகிறேன், அந்த வாரங்களில் அவனுக்குப் புள்ளி குறைகிறது என்று புகார்.

இப்போது அந்த 344.

2024 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. ராத்திரி பதினோரு மணிக்கு சீசனின் முதல் கெடு. கடை மூடும் நேரத்தில் பாய்க்கு இன்னும் அணி இல்லை. நான்தான் அவர் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். யார் வேணும் பாய் என்றால், கோல் போட்டதும் தரையில் நெற்றியை வைப்பாரே, அவர் இருக்காரா என்றார். இருக்கிறார். அவரையே கேப்டனாகப் போடு. மீதி பதினாலு பேரை நானே இழுத்து நிரப்பினேன், அவர் ஷட்டரை இழுத்தார். அவ்வளவுதான். அதன் பிறகு மே மாதம் வரை பாய் ஒரு ஆளைக்கூட மாற்றவில்லை, ஆப்பைத் திறந்தாரா என்பதே சந்தேகம். ஏப்ரலில் பார்த்தால் அவர் அணியில் ஐந்து பேர் ஆடுவதே இல்லை, இரண்டு பேர் வேறு நாட்டுக்கே போய்விட்டார்கள். ஆனால் சலா 38 ஆட்டமும் ஆடினார், 38 வாரமும் பாயின் கேப்டன். 344 இரண்டு தடவை, 688. அந்த 688ஐ வைத்துக்கொண்டு கடையில் லேமினேஷன் போட்டபடியே அவர் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். நானோ வாரா வாரம் மண்டையை உடைத்து, நாலு நாலாக வெட்டு வாங்கி, அவருக்கு ஒரு இடம் முன்னால், பத்தாவது.

ஏப்ரல் 27 லிவர்பூல் டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்துக் கோப்பையை உறுதி செய்தது, சலாவும் ஒன்று போட்டார். அன்றைக்கு எனக்கு ஒரு ஞானம் வந்தது. கோப்பை வந்தாச்சு, இனிமேல் அவர் எதற்கு உயிரைக் கொடுத்து ஓடப்போகிறார்? விற்றேன். அந்தப் பணத்தில் இரண்டு பேரை வாங்கினேன். அடுத்த மூன்று ஆட்டம் அவருக்குக் கோல் இல்லை, நான் குரூப்பில் எழுதாத வசனம் இல்லை. படிப்பு வேண்டும், பார்வை வேண்டும் என்றெல்லாம்.

மே 25, ஞாயிறு. கடைசி நாள் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும், நமக்கு ராத்திரி எட்டரை. கத்திரி இன்னும் முடியவில்லை, மொட்டை மாடியில் பாய் விரித்தால் தரை அடுப்பு மாதிரி சுடுகிறது, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தேன். ஒரு கையில் விசிறி, ஒரு கையில் போன். என் ஆட்கள் சுமாராகச் செய்கிறார்கள். பாயைவிட ஆறு புள்ளி முன்னால் நிற்கிறேன். லிவர்பூல் கிரிஸ்டல் பேலஸிடம் 0-1, போதாததற்கு ஒருத்தர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போய் பத்து பேரோடு ஆடுகிறார்கள். இனி என்ன என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தேன். போன் ஒரு தடவை அதிர்ந்தது. 84ஆவது நிமிடம், சலா. ஐந்து புள்ளி, கேப்டனுக்குப் பத்து.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போனேன். யாரோ ஒரு அம்மாவுக்கு ஆதார் அட்டை இரண்டு பக்கமும் ஒரே தாளில் வருகிற மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாய், நேத்து சலா கோல் போட்டுட்டாரு."

"போட்டாரா?" தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எப்போ?"

"கடைசியில. எண்பத்து நாலாவது நிமிஷம்."

"மாஷா அல்லாஹ்" என்றார். அந்த அம்மாவிடம் நாலு ரூபாய் வாங்கி டப்பாவில் போட்டார். "அப்ப ஆற்காட்டுக்கு நீதான் போறியா தம்பி? எனக்கு சர்க்கரை இருக்கு, ஒண்ணு போதும். வீட்டுக்கு ஆறு வாங்கிடு."